எஞ்சினின் வெப்பமானி



காலையில் சாவியைத் திருப்பியவுடன் புறப்படும் கார், நண்பகலில் கடைவீதியில் பத்து நிமிடம் நிறுத்தப்பட்டால் மீண்டும் புறப்பட மறுக்கிறது. அரும்பாடுபட்டுக் கிளப்பினாலோ, புகைக்குழாயில் கரும்புகை. சுற்றிலும் பெட்ரோல் வாடை. சில ஆண்டுகளுக்கு முன் என்னுடைய பழைய காரைப் பற்றிய நோய் இது.

பட்டறை உரிமையாளர் அனுபவசாலி. குறிகளைக் கேட்டதுமே, "டெம்பரேச்சர் சென்ஸர் போய்விட்டது" என்றார். அவருடைய ஐயம் பொருத்தமானதே. ஏனெனில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. ஆகையால் கூடுதலாக ஊட்டவேண்டும். கார்புரேட்டர் காலத்தில் ஓட்டுபவரே 'சோக்' என்னும் குமிழை இழுத்து இதனைச் செய்தார். சூடேறியபின் அதனை உள்ளே தள்ள மறந்தவர்கள் கரும்புகையோடு ஊர்வலம் போனதை நான் சிறுவயதில் கண்டதுண்டு. பின்னாளில் அந்தப் பொறுப்பைக் காரிலுள்ள கணிப்பொறி ஏற்றது. ஆனால் கணிப்பொறிக்குத் தொட்டறியும் தோல் இல்லை. எஞ்சினைச் சுற்றிவரும் குளிர்நீரில் மூழ்கியிருக்கும் கட்டைவிரல் அளவான ஓர் உணரி சொல்வதே அதற்கு வேதவாக்கு.

அந்த உணரியினுள்ளே இருப்பது தெர்மிஸ்டர். உலோகக் கம்பியைச் சூடாக்கினால் மின்தடை கூடும் என்று படித்திருப்பீர்கள். இப்பொருளில் அது தலைகீழ். வெள்ளி சல்ஃபைடு சூடேறும்போது மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதை 1833-ஆம் ஆண்டிலேயே மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். கார்களில் பெரிதும் வழங்கும் ஒருவகை உணரி 30 டிகிரி சென்டிகிரேடில் ஏறத்தாழ 1700 ஓம் மின்தடை காட்டும். 80 டிகிரியில் அது 320 ஓமாக இறங்கிவிடும். தடை மிகுந்தால் குளிர்ச்சி, குறைந்தால் சூடு என்று கணிப்பொறி பொருள் கொள்கிறது.

நிற்க. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் புதிய உணரியைப் பொருத்தினார். நோய் தீரவில்லை. "தம்பி கீழே போட்டிருப்பான், அல்லது அளவுக்கு மீறி முடுக்கியிருப்பான்" என்று உரிமையாளர் தீர்ப்பளித்தார். பொருளின் விலை அந்த மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்றும் கூறினார். இளைஞர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. என் காரின் பொருட்டு அவருடைய ஊதியம் குறைவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவகாசம் கேட்டேன்.

கணிப்பொறியில் குறையறியும் கருவியைச் செருகினால் 'குறை ஏதுமில்லை' என்றது. இதில் வியப்பில்லை. நம்பவே முடியாத அளவு வந்தால்தான் அந்தக் கணிப்பொறி விழித்துக்கொள்ளும். நம்பத்தக்க பொய்யை அது நம்பிவிடும். ஓட்டுநர் முன்னுள்ள முள்ளோ ஒழுங்காக நடுவில் நின்றது. என் காரில் அம்முள்ளுக்கு வேறோர் உணரி உண்டு. ஆகவே அந்தச் சாட்சியமும் பயன்படவில்லை.

இரவு முழுதும் நின்ற காரை மறுநாள் காலையில் சோதித்தோம். அவ்வேளையில் எஞ்சினுக்குள் புகும் காற்றும் குளிர்நீரும் ஒரே வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். காற்று 30 டிகிரி என்றது கருவி. குளிர்நீர் 18 என்றது. எங்கள் ஊர் 18 டிகிரியை மார்கழியிலும் காண்பது அரிது! அரைமணி நேரம் ஓட்டியபின் அகச்சிவப்பு வெப்பமானியால் எஞ்சின் உலோகத்தைப் பார்த்தோம்: 80. எனவே எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறதோ என்ற கேள்வி ஒழிந்தது. கணிப்பொறி கண்டதோ 37.

எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தோம். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள்; அழுத்தத்தில் அடைபட்ட நீர் சீறிவந்து முகத்தை வேகவைத்துவிடும். பிறகு புதிய உணரியைக் கழற்றி, பழையதையும் சேர்த்து, தேநீர்க் கடையில் இரவல் வாங்கிய பாத்திரத்து நீரில் தொங்கவிட்டோம். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். நீர் சூடேற ஏற, இளைஞர் மல்டிமீட்டரைப் பார்த்துப் பத்து டிகிரிக்கு ஒருமுறை மின்தடையைக் குறித்தார். அவருடைய கை முதலில் சற்று நடுங்கியது. 30-இல் 1700, 80-இல் 320. இரண்டு உணரிகளும் ஒன்றுபோலவே இறங்கின. புதியது கெடவில்லை, பழையதுங்கூடக் கெட்டிருக்கவில்லை!

அப்படியாயின் பொய் எங்கே நுழைந்தது? உணரியோடு இணையும் செருகியைத் தனியே விட்டபோது கருவி −40 டிகிரி காட்டியது. அது சரியே, இணைப்பு இல்லையெனில் தடை எல்லையற்றது, கணிப்பொறிக்கு அது கடுங்குளிர். அடுத்து, செருகியின் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தோம். இப்போது தடை ஏறக்குறையச் சுழியமாகி, அளவு 120 டிகிரியையும் தாண்டிப் பாய வேண்டும். அது 45-இல் நின்றது. இளைஞர் தம் பட்டியலைப் புரட்டினார். 45 டிகிரிக்குரிய தடை சுமார் 1000 ஓம். கம்பிக்குத் தடை இல்லை. ஆகவே அந்த 1000 ஓம் செருகிக்குள் ஒளிந்திருந்தது. பிரித்துப் பார்த்தோம். என்றோ கசிந்த குளிர்நீர் பட்டு, முனை முழுவதும் பச்சைக் களிம்பு.

காலையில் நலம், நண்பகலில் நோய் என்ற புதிரும் இதனால் அவிழ்கிறது. காலையில் 1700-உடன் 1000 சேர்ந்தால் 2700. அது 18 டிகிரிக்கு உரியது. பிழை 12 டிகிரிதான்; எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். சூடேறியபின் 320-உடன் அதே 1000 சேர்ந்தால் 1320. அது 37 டிகிரிக்கு உரியது. இப்போது பிழை 43 டிகிரி! களிம்பு கூடவில்லை, அதன் கெடுதல் கூடிவிட்டது. கொதிக்கும் எஞ்சினுக்குக் குளிருக்குரிய பெட்ரோல் ஊட்டப்பட்டது. நல்லவேளையாக, என் காரில் ரேடியேட்டர் விசிறிக்குத் தனி ஸ்விட்ச் இருந்தது. இதே உணரியை நம்பி விசிறி சுழலும் கார்களில் இத்தகைய பொய் எஞ்சினையே வேகவைத்துவிடக்கூடும்.

செருகியை மாற்றி, பழைய உணரியையே மீண்டும் பொருத்தினோம். நண்பகலில் நிறுத்திக் கிளப்பிப் பார்த்தோம். முதல் திருப்பிலேயே கிளம்பியது. உரிமையாளர் வந்து இளைஞரின் பட்டியலை நெடுநேரம் பார்த்தார். "பிடித்தம் இல்லை" என்றார்; வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்தமுறை நான் அங்குச் சென்றபோது, எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாள் கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டப்பட்டிருந்தது. எண்களின் கீழே இளைஞரின் பெயரும் இருந்தது.