வீட்டுக் கொடியும் கவாத்துக் கத்தரியும்

(வெள்ளிவிழா ஆயத்தமாக நம் பங்கு மன்றத்தில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா வைகாசியில் வருகிறது. இந்தப் பங்குனி மாதத்திலேயே வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பும் வர்ணப் பூச்சும் தொடங்கிவிட்டன. வர்ணம் பூச வருகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "ஐயா, இந்தக் கொடியை வெட்டிவிடலாமா?" என்பதுதான். வேலை நடந்தால் போதும் என்று நாமும் தலையை அசைத்துவிடுகிறோம். நம் கோவில் மதில்மேல் படர்ந்திருக்கும் காகிதப்பூக் கொடியை வேரோடு எடுத்துவிடலாம் என்றுகூடச் சென்ற கூட்டத்தில் பேச்சு எழுந்தது. முள் சாமியானாத் துணியைக் கிழிக்கிறது, உதிர்ந்த பூ முற்றத்தை அடைக்கிறது என்பது புகார். அந்தப் பேச்சுதான் இன்று என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது. நான் தோட்டக்கலை படித்தவன் அல்லன். நாற்பது ஆண்டுகளாக வீட்டுக் கொடிகளை வெட்டியும், வெட்டக்கூடாத நேரத்தில் வெட்டிக் கெடுத்தும் கற்றுக்கொண்டவன்.

கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வாசலில் என் தாயார் வைத்து வளர்த்த முல்லைப் பந்தல் ஒன்று இருந்தது. மாலை நான்கு மணிக்கு அம்மா முறத்தோடு நிற்பார்கள். ஒரு சரம் மாதா பீடத்துக்கு. மற்றதெல்லாம் தெருவில் எந்த வீட்டுப் பெண் முதலில் வருகிறாளோ அவளுக்கு. ஒரு பங்குனியில், அம்மா தம் அக்கா வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில், வர்ணப் பூச்சுக்குத் தடையாக இருக்கிறதென்று அந்தப் பந்தலைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டச் சொன்னேன். வேலை மும்முரத்தில் பாத்திக்குத் தண்ணீர் விடவும் மறந்தோம். சித்திரை வெயிலில், வந்த இரண்டொரு துளிரும் கருகிவிட்டது. திரும்பி வந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்டிப்போட்ட குவியலில் உட்கார்ந்து அரும்புகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார்கள். ஆனி மாதத்தில் அவர்கள் காலமானபோது பூவைக் கடைத்தெருவில் வாங்கிவந்தோம். அடுத்த ஆண்டு அந்தக் கொடி பந்தல் கொள்ளாமல் பூத்தது.

அன்று நான் கொடியை வெட்டியது குற்றமில்லை. வெட்டிய மாதமும் வெட்டிய ஆழமும்தான் குற்றம். முல்லைக்குக் கவாத்து அவசியம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் என்று நாள் குறித்துச் சொல்கிறது. தரையிலிருந்து ஏறத்தாழ 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டவேண்டும். இது வயலில் புதராக வளர்க்கிறவர்களுக்குச் சொன்ன கணக்கு. பந்தலில் ஏற்றியவர்கள் முதன்மைத் தண்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே படர்ந்த பக்கக் கிளைகளை மட்டும் குறைத்தால் போதும். மல்லிகை இனம் புதுத் துளிரில்தான் பூக்கும். ஆகவே துளிர் வருவதற்கு முந்திய ஓய்வுக் காலத்தில் வெட்டுகிறோம். துளிர் வந்து அரும்பு கட்டியபின் வெட்டினால் அந்தப் பருவத்துப் பூவையே வெட்டுகிறோம்.

பாரி வள்ளல் முல்லைக்குத் தேர் கொடுத்தான் என்பது நமக்குத் தெரியும். வீட்டில் வளர்ப்பவனுக்குத் தேரோடு ஒரு கத்தரியும் வேண்டும் என்பது என் கட்சி!

வெட்டினால் ஏன் அதிகம் பூக்கிறது? கொடியின் நுனிமொட்டில் ஆக்சின் என்னும் சாறு ஊறுகிறது. அது தண்டு வழியே கீழே இறங்கிக்கொண்டிருக்கும்வரை கீழ்க் கணுக்களில் உள்ள மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். 1930-களில் தாவரவியலார் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நுனியை அகற்றினால் பக்கமொட்டு விழித்தது. அகற்றிய இடத்தில் ஆக்சினை வைத்தால் விழிக்கவில்லை. நுனி ஒன்று போனால் பக்கக் கிளை இரண்டு மூன்று வரும். பூக்கும் இடமும் அத்தனை பெருகும். இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. நெட்டுக்குத்தாக ஏறும் தண்டைக் கம்பியில் படுக்கையாக வளைத்துக் கட்டினாலும் கணுவுக்குக் கணு துளிர்க்கும். கத்தரியை எடுப்பதற்குமுன் ஒரு துண்டுச் சணலை எடுத்துப் பாருங்கள்.

வெட்டும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கணுவுக்குச் சற்று மேலே, அரை சென்டிமீட்டர் தள்ளி, சாய்வாக வெட்டவேண்டும். வெகுதூரம் விட்டால் அந்தக் கட்டை காய்ந்து, காய்ச்சல் கீழே இறங்கும். ஒட்டி வெட்டினால் மொட்டு காயும். அரிவாளால் ஓங்கிக் கொத்துவதால் தண்டு பிளந்துபோகும். கூரான கவாத்துக் கத்தரியே நல்லது. முதலில் காய்ந்தது, நோயுற்றது, ஒன்றோடொன்று உராய்வது இவற்றை எடுங்கள். அடியிலிருந்து பூக்காமல் விர்ரென்று கிளம்பும் நீர்ப்போத்துகளையும் எடுங்கள். அதன்பின் தள்ளி நின்று பாருங்கள். பல வீடுகளில் அதற்குமேல் வெட்டவேண்டிய தேவை இருக்காது. பல ஆண்டு கவனிக்காத கிழட்டுக் கொடியை ஒரே நாளில் மொட்டையடிக்காமல், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள்.

கட்டைவிரல் பருமனுக்கு மேற்பட்ட காயத்துக்குப் போர்டோ பசை தடவலாம். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம்; இரண்டையும் அரை அரை லிட்டர் தண்ணீரில் தனித்தனியே கரைத்துப் பின்பு கலக்கவேண்டும். மண் கலயமோ பிளாஸ்டிக் வாளியோ வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிரான்சு நாட்டில் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டக்காரர்கள், பழத்தைப் பறிக்கும் வழிப்போக்கரை விரட்டுவதற்காகச் சாலையோரக் கொடிகளில் இந்தக் கலவையைத் தெளித்தார்களாம். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதைக் கவனித்து, மில்லார்டே என்ற பேராசிரியர் 1885-இல் இதை மருந்தாக வெளியிட்டார்.

இரங்கூன் மல்லியும் அலமண்டாவும் புதுத் துளிரில் பூப்பவை. இரண்டையும் கோடைக்கு முன் தாராளமாகக் குறைக்கலாம். அலமண்டாவின் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். வயிற்றுக்குள் போனால் கெடுதி. தை மாதத்தில் ஆரஞ்சு நிறத்தில் குழல் குழலாகக் கொத்துக் கட்டிப் பூக்கும் பைரோஸ்டீஜியாவை மலைப்பக்கத்து வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கணக்கு வேறு. சென்ற பருவத்தில் வளர்ந்த கிளையின் நுனியில் அது பூக்கிறது. மார்கழியில் வெட்டினால் தையில் வெறும் இலைதான். பூ முடிந்தவுடனே வெட்டவேண்டும்.

இனி நம் மதில் காகிதப்பூவுக்கு வருகிறேன். தென்னமெரிக்காக் கொடி இது. 1767-இல் பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் உலகப் பயணத்தில் உடன் சென்ற கொமர்சன் என்ற தாவரவியலார் பிரேசில் நாட்டு ரியோ நகரில் இதைச் சேகரித்தார். அவருக்கு உதவியாளராக ஆண் உடையில் சென்றவர் ஜான் பாரே என்னும் பெண்மணி; உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று சரித்திரம் அவரைச் சொல்கிறது. நாம் பூ என்று பார்க்கும் வண்ணத் தாள் உண்மையில் பூவடி இலை. உள்ளே வெள்ளையாகச் சிறு குழல்போல் இருப்பதே பூ.

இக்கொடி வெயிலும் வறட்சியும் கண்டால் நிறம் ஏறும்; தண்ணீரும் யூரியாவும் மிகுந்தால் இலையாய்ப் போகும். புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால் வெட்டுக்கு அஞ்சாது. ஆனால் வெட்டியபின் திரும்பப் பூக்க இரண்டு மாதம்வரை ஆகலாம். இப்போது கை வைத்தால் வைகாசித் திருநாளில் மதில் மொட்டையாய் நிற்கும். வேரோடு எடுத்தால் எப்போதைக்கும் மொட்டைதான். சாமியானா கட்டும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஏழெட்டுக் கிளைகளை மட்டும் சணலால் மதிலோடு இழுத்துக் கட்டிவிடுவோம். உதிர்ந்த பூவைக் கூட்ட நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். விழா முடிந்தபின், ஆனி மாதம் முதல் சனிக்கிழமை காலையில் ஏணி, கோணி, கத்தரி மூன்றையும் நான் கொண்டுவருகிறேன். முள் குத்துவதைப் பொருட்படுத்தாத இருவர் உடன் வந்தால் போதும்.