காய்ச்சல் பார்க்காமல் கும்ரி என்று சொல்லாதீர்கள்

இந்தத் தலைவர் நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தோடுதான் பேச எழுந்தேன்.

'குதிரைகளில் தொற்றும் நரம்பு நோய்: பரவல் காலத்தில் செய்ய வேண்டியவை' என்பது நமக்குத் தந்திருக்கும் தலைப்பு. குதிரை ஹெர்பிஸ் வைரஸ்-1 மூச்சுப் பாதையில் நுழைந்து, வெள்ளணுக்களில் ஏறி, தண்டுவடத்து ரத்தக் குழாய்களைக் கெடுப்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியா போட்டித் திடலில் கிளம்பிய நோய் ஐரோப்பாவில் 18 குதிரைகளைப் பலி கொண்டதும் தெரியும். மரபணு வகைகளைப் பற்றிப் பிற்பகலில் இளையவர்கள் நன்றாகவே பேசுவார்கள்.

எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. 1955இல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவ இதழில் இன்னெஸும் பிள்ளையும் இலங்கைக் குதிரைகளின் 'கும்ரி'யைப் பற்றி எழுதினார்கள். மாட்டின் வயிற்றறையில் வாழும் செட்டேரியா டிஜிடேட்டா புழுவின் இளம்பருவம் கொசு வழியாகக் குதிரைக்குள் போய், வழி தவறித் தண்டுவடத்தில் ஊர்வதால் வரும் இடுப்பு வாதம் அது என்றார்கள். பனியன் கம்பெனிக்காரர் தோட்டத்தில் மார்வாரிக் குதிரையும் காங்கேயம் மாடும் அடுத்தடுத்துக் கட்டிக் கிடக்கும் இந்தத் திருப்பூர் வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுரை ஏது? மேற்கோள் காட்டுகிறோம், படிப்பதில்லை.

படிக்காததால் இரண்டு கட்சியாகிவிட்டோம். பின்னங்கால் தள்ளாடினாலே கும்ரிதான் என்று புழு மருந்தைப் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் அடுத்த தோட்டத்துக்குப் போவது என் தலைமுறை. பிள்ளையின் கட்டுரை பழைய பஞ்சாங்கம், மூக்குச் சளியில் பிசிஆர் பார்த்தால் முடிந்தது என்பது மறு கட்சி. போன கூட்டத்தில் இதைச் சொன்ன நண்பர் இங்கேதான் இருக்கிறார். அவர்மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் இந்த வைரஸ் உடம்பில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும், பயண அலுப்பில் மூக்கில் தலைகாட்டும் என்பதை அவரே வகுப்பில் நடத்துபவர். பாசிட்டிவ் என்ற ஒரு சொல்லால் அந்தத் தள்ளாட்டத்துக்குக் காரணம் சொல்லிவிட முடியுமா?

வைரஸ் என்றால் பெரும்பாலும் காய்ச்சல் முந்தும். தள்ளாட்டமும், சிறுநீர் சொட்டுவதும், வால் துவள்வதும் சில நாள் கழித்துத்தான். கூட இருக்கும் குதிரைகளும் கொதிக்கும். புழு பெரும்பாலும் காய்ச்சல் காட்டாது. ஒரு பக்கக் காலை அதிகம் இழுக்கும். பக்கத்துக் குதிரைக்கு ஒட்டாது. சிக்கல் என்னவென்றால், நம்மைக் கூப்பிடும்போது காய்ச்சல் இறங்கியிருக்கும். முந்தைய வாரத்துப் பதிவு இல்லாமல் இரண்டு கட்சியும் ஊகம்தான் செய்கிறோம்.

தடுப்பூசி போட்டாயிற்றே என்பார்கள். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் உள்நாட்டு வைரஸைக் கொண்டு உருவாக்கியது கருச்சிதைவைத் தடுக்கும் ஊசி. நரம்பு நோயைத் தடுப்பதாக உலகில் எந்தத் தடுப்பூசியும் உறுதி தரவில்லை.

ஊசி காக்காது என்றால் பரவலைத்தான் தடுக்க வேண்டும். அது எப்படிப் பரவும் என்று அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். வாங்க வந்தவர் ஒரு குதிரையின் வாயைப் பிளந்து பல் பார்த்த கையை, வேட்டியில் துடைத்துவிட்டு, அடுத்த குதிரையின் வாய்க்குள் விடுவார். கண்ணுக்கு இரண்டுமே நல்ல குதிரைகள்தான்.

ஆகவே தலைவர் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். சந்தை வாசலில் தெர்மாமீட்டரோடு ஆள் நிற்கட்டும், 38.5 டிகிரிக்கு மேல் இருந்தால் உள்ளே விட வேண்டாம். வாங்கிப் போன குதிரை 21 நாள் தனிக் கொட்டகையில், தனி வாளியோடு நிற்கட்டும். காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தெர்மாமீட்டரை நூலில் கட்டி, நூல் முனையில் கிளிப் மாட்டி வால்மயிரில் பிடித்துவிட்டால் கீழே விழாது. நூலுக்கா திருப்பூரில் பஞ்சம்? நாளை மாலை கலைவதற்குள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றிக் கால்நடைத் துறைக்கு அனுப்பித் தாருங்கள்.