நொறுங்கிய வண்டியும் உடைமையாளரும்

கப்பற் காப்புறுதிக்கென 1906ஆம் ஆண்டிற் பிரித்தானியா இயற்றிய சட்டத்தில் ஒரு நெறி உண்டு: முழு நட்டத்துக்கு ஈடு செலுத்தியவர், எஞ்சிய சிதைவுக்கு உரிமை கொள்ளலாம். மோட்டார் வண்டிக்கும் அங்கு இந்நெறியே வழங்குகின்றது.

திருத்தச் செலவு பெறுமதிக்கு ஒவ்வாதபோது கம்பனி வண்டியை முழு நட்டமெனக் கொள்ளும். அதனைப் பிரிய மனமில்லாத உடைமையாளர், சிதைவின் விலையைக் கழித்து வண்டியைத் தரும்படி கேட்கலாம். 5000 பவுண் ஈட்டில் சிதைவின் விலை 1000 பவுணாயின், 4000 பவுணும் வண்டியும் அவரைச் சேரும்.

ஆயினும், எல்லா வண்டியும் மீளா. 2017 முதல் வழங்கும் நால்வகைப் பிரிவில், ‘ஏ’, ‘பி’ வகையின வீதிக்குத் திரும்பலாகா. ‘எஸ்’ வகை கட்டமைப்புப் பழுதுற்றது. ‘என்’ வகை அப்பழுது அற்றது. ஆதலின், இணங்குமுன் வகையை அறிந்து, தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு சோதித்தல் வேண்டும். புதுப்பூச்சு கண்ணை ஏமாற்றும். வளைந்த சட்டமோ உயிரையே வாங்கும்.