கழலாத ஃபிளைவீல்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உங்க தொழில்ல இருந்து ஏதாவது பேசுங்கண்ணே" என்று சங்கத் தம்பிகள் கேட்டுக்கொண்டார்கள். குளச்சல் பக்கம் அவுட்போர்டு மோட்டார் பழுது பார்க்கிறவன் நான். ஆகவே ஒரே ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறேன். பழைய மோட்டாரில் இறுகிப்போன ஃபிளைவீலைக் கழற்றுவது.

அதை ஏன் கழற்ற வேண்டும்? பழைய மோட்டாரில் தீப்பொறி தருகிற காயில், கன்டென்சர், பாயின்ட் எல்லாம் அந்தச் சக்கரத்துக்கு அடியில்தான் குடியிருக்கின்றன. சக்கரம் வந்தால்தான் அவற்றை மாற்ற முடியும். நட்டைக் கழற்றிவிடலாம். சக்கரம் மட்டும் அசையாது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் ஒர்க்‌ஷாப் டிரில்லிங் மெஷினில் மோர்ஸ் டேப்பர் இருக்கிறதே, ஏறக்குறைய 20-க்கு 1 என்று சரிவது, அதே சங்கதி. கிராங்க் ஷாஃப்ட்டின் தலை கூம்பு. சக்கரத்தின் துளையும் கூம்பு. இரண்டும் கவ்விக்கொண்டு, உராய்வினால்தான் சக்கரத்தைப் பிடித்திருக்கின்றன. நடுவில் உள்ள சின்னக் கீ, சக்கரம் எந்த நிலையில் உட்கார வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவே. கீதான் சுமையைத் தாங்குகிறது என்று வைவாவில் சொல்கிற தம்பிகள் இன்றும் உண்டு!

இந்தக் கவ்வலோடு உப்புக்காற்றின் துருவும் சேர்ந்தால் என்ன ஆகும்?

ஒருமுறை ஒரு வள்ளக்காரப் பெரியவர் மோட்டாரைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார். கையோடு ஒரு பெரிய சுத்தியல். "தம்பி, ஓங்கி ஒரு அடி போட்டா வந்திரும்லா?" என்றார். "அண்ணாச்சி, அந்த அடி சக்கரத்துக்குப் போகாது. ஷாஃப்ட்டுக்கும் அதுக்குக் கீழ இருக்கிற பேரிங்குக்கும்தான் போகும்" என்றேன். ஷாஃப்ட் கோணினால் அத்தனை நாளும் வள்ளம் கரையில் கிடக்கும். வீட்டில் அடுப்பும் அப்படித்தான். விளிம்பில் அடித்தாலோ உள்ளே உள்ள காந்தம் விரிசல் விடலாம். விளிம்பைக் கவ்வி இழுக்கிற மூன்று கால் புல்லரும் கூடாது, சக்கரம் கோணிவிடும்.

சக்கரத்தின் நடுவில் மூன்று மரையிட்ட துளைகள் இருக்கும். அவை புல்லருக்காகவே வைத்தவை. முதலில் நட்டை முழுக்க எடுக்காமல், ஷாஃப்ட் நுனிக்குச் சமமாக வரும்வரை தளர்த்தினேன். சக்கரம் விடுபடும்போது துள்ளிப் பறக்காது, மரையும் நசுங்காது. துரு இளக்கும் எண்ணெயைக் கூம்பின் ஓரத்தில் விட்டு, இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் மூன்று போல்ட்டையும் சமமாக ஏற்றி, நடு போல்ட்டை இறுக்கி, அதன் தலையில் சுருக்கென்று ஒரு தட்டு. வரவில்லை. மேலும் கால் சுற்று, மறுபடி ஒரு தட்டு. அப்படியும் வரவில்லை. எண்ணெய் டாங்கைத் தூரமாக எடுத்துவைத்துவிட்டு, சூடான காற்று ஊதும் கருவியால் நடுப்பகுதியை மட்டும் மெல்லச் சூடாக்கினேன். கேஸ் தீ வைத்தால் அடியில் உள்ள காயில் உருகிவிடும். 'டப்' என்று வெடிச் சத்தம்! பெரியவர் இரண்டடி பின்வாங்கினார். சக்கரம் நட்டில் முட்டி நின்றது.

கீ பாதி வெட்டுப்பட்டிருந்தது. சக்கரம் சற்றே திரும்பியதால் தீப்பொறி நேரம் தவறி, கயிறு இழுக்கும்போதெல்லாம் மோட்டார் எதிர்த்து உதைத்திருக்கிறது. அவர் மணிக்கட்டு வீங்கியிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

புதுக் கீ போட்டு, இரண்டு கூம்பையும் துடைத்து, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் உலர்த்தி மாட்டினேன். நட்டை டார்க் ரென்ச்சால், அந்த மோட்டாருக்குச் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். இரண்டாம் இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. அவர் சுத்தியலை மறந்து வைத்துவிட்டுப் போனார். இன்னும் கடையில்தான் இருக்கிறது.