செம்மண்ணிலிருந்து மணற்காட்டுக்கு

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் திருவிழா தொடங்கிவிட்டால் கோயில் வீதியெங்கும் மணல் பரப்பியிருக்கும். 25 நாளும் அடியார்கள் அந்த மணலில்தான் பிரதட்டை அடிப்பார்கள். இன்றைக்கு அந்த நல்லூரிலிருந்து, மணலே மேடும் பள்ளமுமாய்க் கிடக்கிற ஓரிடத்துக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். வடமராட்சியின் கிழக்குக் கரையில் இருக்கிற மணற்காடுதான் அது. நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒரே நாளில் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய இடம்.

வெள்ளெனப் புறப்படுங்கள். பருத்தித்துறை வீதியால் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர் என்று பஸ் ஓடும்போது யன்னலோரம் இருந்து நிலத்தைப் பாருங்கள். வாழைத் தோட்டம், வெங்காயப் பாத்தி, புகையிலை எல்லாம் செக்கச்செவேல் என்ற செம்மண்ணில் நிற்கும். அந்த மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் காலங்காலமாகக் கல்லைக் கரைத்துக்கொண்டு போக, கரையாத களியும் இரும்பும் மேலே தங்கிவிட்டன. அந்த இரும்பு துருவேறித்தான் மண் சிவந்தது. யோர்தானில் வாடி ரம் பாலைவனத்தையும் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துச் செம்பாறைகளையும் பார்க்க உலகெங்குமிருந்து ஆட்கள் போய் நடக்கிறார்கள். அந்தப் பாறைகளுக்குச் சிவப்பைக் கொடுத்ததும் இரும்புதான்.

ஆவரங்கால் கழிந்தால் வல்லை வெளி. மரம் மட்டை இல்லாத அந்த வெளியில் காற்று முகத்தில் அறையும். பாலத்தைத் தாண்டினால் வடமராட்சி. நெல்லியடி, மந்திகை கடந்து வல்லிபுரம் வரும்போது காலடியில் செம்மண் போய் வெண்மணல் வந்திருக்கும்.

வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டுவிட்டு நடையைத் தொடங்குவோம். இங்கே மூலத்தானத்தில் வழிபாடு சக்கரத்துக்கு. புரட்டாதியில் நடக்கும் கடல் தீர்த்தத்துக்கு இந்த மணல்வெளியைக் கடந்துதான் சனம் கடற்கரைக்குப் போகும். 1936 ஆம் ஆண்டில் வல்லிபுரத்தில் ஒரு பொன்னேடு கிடைத்தது. பிராமி எழுத்தில் பொறித்தது. வசப மன்னன் காலத்தது. அதன் மொழியைப் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வெறும் மணல் என்று நாம் மிதித்துப் போகிற இந்த வெளி, ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் குடியிருந்த நிலம் என்பதில் மட்டும் ஐயமில்லை.

கடற்கரைக்கு வந்ததும் தென்கிழக்கே திரும்புங்கள். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மணல் மேடு. வாடைக்காற்றுக் காலத்தில் காற்று கரை மணலை உள்ளே தள்ளுகிறது. சோளகம் எழும்பினால் அதே மணலை மறுபக்கமிருந்து கிளறுகிறது. போன முறை பார்த்த மேடு இந்த முறை அதே வடிவில் இராது. ஓடுகிற மணலைக் கட்டிப்போடுவது அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். இராவணன் மீசையின் காய்ந்த முள்ளுருண்டை காற்றில் உருண்டுகொண்டே போய் விதை தூவும். அடம்பனோ கணுவுக்குக் கணு வேரூன்றி மணலைப் பற்றிக்கொள்ளும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் ஆட்கள் சொன்னது இதைப் பார்த்துத்தான். கூட்டமாய் நடக்கிறவர்களுக்கும் அது பொருந்தும். கால் புதைகிற மணலில் முன்னால் போகிறவர் பதித்த அடியில் பின்னால் வருகிறவர் கால் வைத்தால் களைப்புக் குறையும்.

மணற்காடு கத்தோலிக்கக் கடற்றொழிலாளர்களின் ஊர். மணல் மேடுகளுக்கு நடுவே பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. பக்கத்தில் சவுக்கங்காடு. மணலின் ஓட்டத்தை மறிக்க நட்ட மரங்கள், மத்தியான வெயிலில் நமக்கு நிழல் தருகின்றன. கட்டுச்சோற்றை அவிழ்க்க இதைவிட நல்ல இடமில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையோர ஊர்களில் பல உயிர்களைக் கொண்டுபோனது. ஆதலால் ஊருக்குள் போகும்போது உல்லாசச் சத்தத்தைக் குறைத்துக்கொள்வது மரியாதை.

இந்த மணல்வெளியைச் சிலர் குட்டிப் பாலைவனம் என்கிறார்கள். ஆனால் பாலைவனத்தில் ஆண்டுக்கு 250 மில்லிமீற்றர் மழைகூடப் பெய்யாது. யாழ்ப்பாணத்தில் 1,200 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில் அந்த மழையைப் பிடித்துவைப்பது நிலம்தான். நாம் பஸ்ஸில் கடந்து வந்த வலிகாமத்தில் சுண்ணாம்புக்கல் பிடிக்கிறது, இங்கே மணல் மேடு பிடிக்கிறது. மணலுக்குள் இறங்கிய நன்னீர், கனம் கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். ஆழமில்லாத கிணற்றிலும் குடிக்கத் தண்ணீர் கிடைப்பது அதனால்தான். மேட்டை வெட்டி மணலை ஏற்றிப் போனால் நன்னீரும் குறையும், கடலுக்கு இருந்த தடுப்பும் போகும். களவாய் மணல் ஏற்றுவதற்கு எதிராக இந்தப் பக்கத்துச் சனம் நெடுநாளாகக் குரல் கொடுப்பது சும்மா இல்லை.

மாசி, பங்குனி நடைக்கு நல்ல காலம். வெயில் ஏறுமுன் மணலைக் கடந்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், தொப்பி, கொஞ்சம் புழுக்கொடியல் போதும். தெரியாத கடலில் இறங்க வேண்டாம். அடம்பன் கொடியை மிதித்து அறுக்காமல் போங்கள். கொண்டுபோன போத்தலையும் பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். மணலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள் நேயர்களே, அந்த ஊருக்குக் குடிதண்ணீர் அதற்குள்தான் இருக்கிறது.