'வரை' என்ற சொல்லும் வைல் மடக்கும்

(மேல்நிலைப் பள்ளிக் கணினிப் பயிற்றுநர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மடக்குப் பாடம் முடிந்த மறுநாள் ஆய்வகத்தில் நடப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1 முதல் 10 வரை எண்களை அச்சிடும் நிரலை எழுதச் சொல்கிறோம். ஒரு மாணவி வைல் மடக்கு எழுதி இயக்குகிறார். திரையில் ஒன்றும் வரவில்லை. பிழைச்செய்தியும் இல்லை. "சார், கம்ப்யூட்டர் வேலை செய்யல" என்கிறார். போய்ப் பார்த்தால் நிபந்தனை 'எண் == 10' என்று இருக்கிறது. அதை 'எண் <= 10' என்று மாற்றச் சொன்னால் நிரல் ஓடிவிடும். ஆனால் அவர் ஏன் முதலில் அப்படி எழுதினார் என்பது தெரியாமலே போய்விடும்.

அது கவனக்குறைவு அல்ல. அவர் தமிழில் யோசித்திருக்கிறார். "எண் 10 ஆகும் வரை அச்சிடு" என்பதை அப்படியே நிரலாக்கியிருக்கிறார்.

நம் 'வரை' இரண்டு வேலை பார்க்கிற சொல். "மழை வரும் வரை விளையாடு" என்றால் மழை வருவது நிறுத்த வேண்டிய இடம். "வெளிச்சம் இருக்கும் வரை விளையாடு" என்றால் வெளிச்சம் இருப்பது தொடர்வதற்கான நிபந்தனை. பிள்ளைகள் இரண்டையும் தினமும் குழப்பமில்லாமல் பேசுகிறார்கள். வைலுக்கோ இரண்டாவது வகை மட்டும்தான் தெரியும். எண் 1-இல் தொடங்கும்போது 'எண் == 10' பொய். ஆகவே மடக்கின் உடலுக்குள் ஒருமுறைகூட நுழையாமல் கணினி வெளியே வந்துவிடுகிறது.

இதில் ஸ்கிராட்சுக்கும் பங்கு உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மாணவர்கள் அதைச் சந்திக்கிறார்கள். அதிலுள்ள 'ரிப்பீட் அன்டில்' கட்டத்தில் நிறுத்தும் நிபந்தனையைத்தான் பொருத்த வேண்டும். வைல் கட்டம் ஸ்கிராட்சில் கிடையாது. அதில் ஆர்வமாக விளையாடிய மாணவர் பதினொன்றாம் வகுப்பில் சி++ தொடங்கும்போது நிபந்தனை தலைகீழாகிறது. மற்றவர்களைவிட அவருக்கே தடுமாற்றம் கூடுதலாக இருந்தால் வியப்படையாதீர்கள்.

எனவே வைல் நடத்தும் முதல் இரண்டு வகுப்புகளில் கரும்பலகையில் 'வரை' என்று எழுத வேண்டாம் என்பது என் கருத்து. கேள்வியாகக் கேளுங்கள்: "எண் 10-ஐத் தாண்டவில்லையா? ஆமாம் என்றால் இன்னொரு சுற்று."

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானுக்கு வரும்போது அதே சொல் வேறு வழியில் வந்து நிற்கிறது. "1 முதல் 10 வரை" என்று நாம் சொன்னால் 10-உம் சேர்த்துத்தான். ரேஞ்ச்(1, 10) 9-இல் நின்றுவிடும். "பைத்தானில் அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள்" என்று கடந்துவிடாமல் காரணத்தைச் சொல்லலாம். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் சுற்றுகளின் எண்ணிக்கை கிடைக்கிறது: 10 − 1 = 9. ரேஞ்ச்(1, 5)-க்குப் பிறகு ரேஞ்ச்(5, 10) போட்டால் எந்த எண்ணும் விடுபடாது, இரண்டு முறையும் வராது. டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா இந்த முறையே சிறந்தது என்று 1982-இல் ஒரு குறிப்பு எழுதி வாதாடியிருக்கிறார். வகுப்பில் "1-இல் தொடங்கி, 10-க்கு முன்பு நிறுத்து" என்று வாசித்துக் காட்டினால் போதும்.

இனி, பலருக்கும் கண்ணில் படாத ஒன்று. "மழை வரும் வரை விளையாடு" என்றால் பிள்ளை முதல் துளி விழுந்ததுமே ஓடிவரும். கணினி அப்படி ஓடிவராது. ஒவ்வொரு சுற்றின் வாசலிலும் மட்டுமே அது நிபந்தனையைப் பார்க்கும். இது புரிந்திருக்கிறதா என்று அறிய நான்கு வரி போதும்:

எண் = 1
வைல் எண் < 4:
    எண் = எண் + 1
    பிரிண்ட்(எண்)

வெளியீடு 2, 3, 4. எண் 4 ஆன நொடியிலேயே மடக்கு நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் 2, 3 என்று எழுதுவார்கள். அந்த விடையைத் தவறு என்று அடித்துவிடாமல் கரும்பலகையில் மூன்று பத்திகள் போடுங்கள்: சோதனை, எண், வெளியீடு. ஒவ்வொரு சுற்றையும் ஒரு மாணவர் வந்து நிரப்பட்டும். பிறகு, "நிபந்தனையை எத்தனை முறை சோதித்தோம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் 3 என்பார்கள். விடை 4. பொய்யாகிப்போகும் அந்தக் கடைசிச் சோதனையைத்தான் அட்டவணையில் எழுத மறந்துவிடுகிறார்கள். அதை எழுதிவிட்டால், மடக்கு முடிந்த பின் எண்ணின் மதிப்பு என்ன என்ற தேர்வுக் கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கும். இதற்கு மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்காரும் பள்ளிகளில் இது சிறிய வசதியல்ல.

சி++ இன் டூ-வைலை இந்த அட்டவணை பழகிய பிறகே எடுங்கள். சோதனைப் பத்தியைக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் நான்கு வாக்கியங்களைக் கொடுத்துப் பாருங்கள். குடம் நிரம்பும் வரை ஊற்று. உண்டியலில் காசு இருக்கும் வரை எடு. கடவுச்சொல் சரியாகும் வரை கேள். வரிசையில் ஆள் இருக்கும் வரை சீட்டு கொடு. நிரல் எழுத வேண்டாம், வைலுக்கான நிபந்தனையை மட்டும் எழுதட்டும். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நிபந்தனையைத் திருப்பிப் போட வேண்டும். யார் யார் திருப்பவில்லை என்று குறித்துக்கொண்டு, அவர்களை மறுநாள் ஆய்வகத்தில் முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.