ஒரே காமிரா, இரண்டு விலை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ்ச் சங்க விழாவிலே காமிராவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு நம் காலனிக் குழந்தைகள் நடித்த நாடகத்தை நினைத்துப் பார்த்தால் அவ்வையம் அகலும். அதைப் படம் பிடிப்பதற்கென்றே சங்கப் பணத்தில் புதிய காமிரா ஒன்று வாங்கினோம். படம் பளிச்சென்று விழுந்தது, ஒலிதான் விழவில்லை. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள் மூன்று மாதம் மனனம் செய்து பேசிய தமிழ் முழுதும் மின்விசிறியின் இரைச்சலில் அமிழ்ந்து போயிற்று. ஊரிலே அதைக் கேட்கக் காத்திருந்த பாட்டிமாருக்கு வாயசைவு மட்டுமே போய்ச் சேர்ந்தது.

தனி மைக் பொருத்தலாமே என்று பார்த்தால், அதைச் செருகுவதற்குத் துளையே இல்லை. கடைக்காரரைக் கேட்டோம். "துளை அடுத்த மாடலில்தான் உண்டு, சார், சில ஆயிரம் கூட ஆகும்" என்றார். ஒரு துளைக்கா இத்தனை ஆயிரம்? அந்த வியப்பே இன்றைய உரைக்கு வித்து.

விலை குறைந்த பொருளில் சில வசதிகள் குறைவது இயற்கை. 2006-ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கான் டி40 என்னும் காமிராவில், லென்ஸைக் குவியப்படுத்தும் மோட்டார் காமிராவின் உடலுக்குள் வைக்கப்படவில்லை. ஆதலால், மோட்டார் இல்லாத பழைய லென்ஸுகளை அதில் மாட்டினால் கையால்தான் திருப்ப வேண்டும். இது தெரியாமல் மலிவாகக் கிடைத்த பழைய லென்ஸை வாங்கி விழித்தவர் பலர். எனினும் அங்கே ஒரு பொருள் மெய்யாகவே இல்லை. அதன் செலவும் இல்லை, எடையும் இல்லை. அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை.

வேறொரு வகை உண்டு. 2003-ஆம் ஆண்டு கானன் நிறுவனம் 10டி, 300டி என இரண்டு காமிராக்களை வெளியிட்டது. முன்னதன் விலை அமெரிக்காவில் 1,499 டாலர். பின்னது 899 டாலர். 10டி-யின் உடல் மக்னீசியக் கலவை. 300டி-யின் உடல் பிளாஸ்டிக். ஆனால் ஒளியை வாங்கும் சில்லும், படத்தை உருவாக்கும் கணிப்பொறியும் இரண்டிலும் ஒன்றே. பிறகு வேறுபாடு எங்கே? காமிராவுக்குள் ஓடும் மென்பொருளில்! சிறிது காலத்தில் வெளியார் சிலர் மாற்றியமைத்த மென்பொருளை 300டி-யில் ஏற்றிப் பார்த்தனர். மங்கிய ஒளிக்கு வேண்டிய 3200 ஐ.எஸ்.ஓ. உணர்திறன், பிளாஷ் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி, கண்ணாடியை முன்னரே உயர்த்தி நிறுத்தும் வசதி ஆகியவை விழித்தெழுந்தன. அவை உள்ளேயே உறங்கிக் கொண்டிருந்தன. வாங்கியவனுக்குத்தான் அது தெரியாது.

இப்படிச் செய்வானேன்? மலிவு மாடல் மிக நன்றாயிருந்தால், 1,499 டாலர் கொடுக்க வல்லவனும் 899-ஐயே கொடுத்துவிட்டுப் போய்விடுவான் அல்லவா? அவனைத் தடுக்கவே அந்தப் பூட்டு. இக்கணக்கு இன்று நேற்று வந்ததன்று. 1849-ஆம் ஆண்டிலேயே ஜூல் டுப்யூயி என்னும் பிரெஞ்சுப் பொறியியலறிஞர் ரயில் வண்டியைக் காட்டி இதனை விளக்கினார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடப் பெரும் பணம் ஆகிவிடாது. ஏழையை வருத்துவது கம்பெனியின் நோக்கமுமன்று. இரண்டாம் வகுப்புக் கட்டணம் செலுத்தக்கூடியவன் கீழே இறங்கி வந்துவிடாமல் அச்சுறுத்தவே கூரை நீக்கப்பட்டது என்பது அவர் கருத்து.

பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே மரப்பலகையில் இரவெல்லாம் உருண்ட முதியோர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு டுப்யூயி சொல்லித் தெரிய வேண்டியதில்லை! நம் நாட்டில் 1974-இல் மூன்றாம் வகுப்பு ஒழிந்தது, பலகை ஒழியவில்லை. 1977-இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே அவர்கள்தாம் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல மெத்தை போடும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். அதனால் முதல் வகுப்பு காலியாகிவிடவில்லை.

நம் ஊரிலேயே இன்னொரு முறையும் இருந்தது. 1961-இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. இங்கே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட் ஆகிய இரண்டும் சாவி கொடுத்து ஓடுபவை. இரண்டிலும் துடித்தது ஒரே வகை 17 ஜுவல் இயந்திரம். முகப்பும் அழகுமே வேறு. ஜனதா கட்டியவனுக்கு நேரம் குறைத்துக் காட்டப்படவில்லை. அந்தக் கடிகாரத் தொழிலை மூடுவதென்று 2016-இல் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது வேறு கதை. அதன் காரணங்களும் வேறு.

காமிரா கம்பெனியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் அவ்வகை டிஜிட்டல் காமிரா வந்தது 300டி-யிலேதான். மேல் மாடலின் விற்பனைக்குக் காப்பில்லையென்றால் கீழ் மாடலை அவ்விலைக்கு அவர்கள் விற்றே இருக்கமாட்டார்கள் என்று வாதிடலாம். அதை நாம் தள்ளிவிடவில்லை. ஆயினும், வைக்காத பொருளுக்கு விலை குறைப்பது ஒன்று. வைத்த பொருளைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்கு விலை கூறுவது மற்றொன்று. முன்னதை வாணிபம் என்கிறோம். பின்னதை அப்பெயரால் அழைக்க நமக்கு நா எழவில்லை.

ஆகவே இவ்வாண்டு வாங்கச் சென்றபோது, எத்தனை மெகாபிக்சல் என்று நாம் கேட்கவில்லை. மைக் துளை உண்டா, எத்தனை நிமிடம் இடைவிடாது ஓடும், நம்மிடமுள்ள லென்ஸ் தானே குவியுமா என்று கேட்டோம். கேட்டதன் பயனாக, புதிய கீழ் மாடலை விட்டு, ஒருவர் பயன்படுத்திக் கைமாற்றிய பழைய மேல் மாடலையே கொண்டு வந்திருக்கிறோம். அதோ, மேடையோரம் முக்காலியில் நிற்கிறது; மைக்கும் மாட்டியாயிற்று. பிள்ளைகள் வேடமிட்டுத் திரைக்குப் பின்னே காத்திருக்கிறார்கள்.